மேய்ச்சல் நிலக்காட்சியை எண்ணெய் வண்ணத்தில் தீட்ட மூன்று வழிகள்: எந்தப் படத்துக்கு எது?

புல்வெளி, அதற்குப் பின்னால் ஒரு மரவரிசை, மேலே பெரிய வானம், நடுவே குனிந்து மேயும் மூன்று நான்கு மாடுகள். இதை எண்ணெய் வண்ணத்தில் தீட்ட உட்காருகிறவர்கள் தூரிகையை எடுப்பதற்கு முன்பே ஒரு கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள். ஈரத்தின் மேல் ஈரமாக ஒரே அமர்வில் முடித்துவிடுவதா? பழைய ஓவியர்களைப் போல அடுக்கடுக்காகக் காயவிட்டுத் தீட்டுவதா? தண்ணீரில் கரைத்துத் தீட்டும், சீக்கிரம் காயும் அக்ரிலிக்கில் அடிப்படம் போட்டு அதன் மேல் எண்ணெய் வண்ணம் ஏற்றுவதா?

வழக்கமாகக் கிடைக்கும் பதில், ‘அது அவரவர் சுபாவத்தைப் பொறுத்தது’ என்பது. பொறுமைசாலிக்கு அடுக்கு முறை, அவசரக்காரருக்கு ஒரே அமர்வு என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். இது பாதிகூட உண்மை இல்லை. வானமும் மரமும் புல்லும் எந்த முறைக்கும் வளைந்துகொடுக்கும். வளையாதது விலங்கு. ஒரு மரக்கிளை ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போனால் யாருக்கும் தெரியாது. மாட்டின் பின்னங்கால் மூட்டு அரை சென்டிமீட்டர் இறங்கிவிட்டால், ஓவியமே பார்க்காதவர்கூட ‘என்னமோ இடிக்குதே’ என்பார். ஆகவே முறையைத் தீர்மானிக்க வேண்டியது கேன்வாஸில் விலங்கு எத்தனை சென்டிமீட்டர் உயரத்துக்கு வரப்போகிறது என்ற கணக்குதான். சுபாவம் அதற்குப் பிறகு.

## எதை வைத்து ஒப்பிடுவது

மூன்று முறைக்கும் ஒரே படத்தை எடுத்துக்கொள்வோம்: 40×50 செ.மீ. கேன்வாஸ், படுக்கைவாக்கில். தொடுவானம் நடுவுக்குச் சற்றுக் கீழே. முன்னால் ஒரு மாடு, நடுத்தூரத்தில் இரண்டு, தொலைவில் புள்ளிபோலச் சில.

முதல் அளவுகோல், விலங்கின் வரைதலைத் திருத்த எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பது. இரண்டாவது, விளிம்பு. மாட்டின் வயிறும் காலும் புல்லோடு சேரும் இடங்கள் இயல்பாகக் கரைகின்றனவா, கத்தரித்து ஒட்டியதுபோல நிற்கின்றனவா? மூன்றாவது, பச்சை நம் சொல்பேச்சு கேட்கிறதா என்பது. நான்காவது நேரம்: தீட்டும் நேரம் வேறு, காத்திருக்கும் நேரம் வேறு. ஐந்தாவது, பத்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வெடிப்போ உரிதலோ இல்லாமல் படம் நிற்குமா என்பது. இவற்றில் முதல் இரண்டுக்குத்தான் எடை அதிகம். மற்றவற்றில் குறை இருந்தாலும் படம் பிழைத்துக்கொள்ளும்.

## முதலில் மாட்டின் உயரத்தைக் கண்டுபிடியுங்கள்

சமதளப் புல்வெளியில் நின்றுகொண்டு பார்க்கிறவரின் கண் தரையிலிருந்து சுமார் 160 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. தொடுவானக் கோடு எப்போதும் கண்ணின் மட்டத்தில்தான் விழும். வளர்ந்த மாடு தோள் மேட்டில் சுமார் 140 செ.மீ. உயரம். அப்படியென்றால், பக்கத்தில் நின்றாலும் தொலைவில் நின்றாலும் மாட்டின் முதுகு தொடுவானத்துக்குச் சற்றுக் கீழேயே இருக்கும். அதன் காலடியிலிருந்து தொடுவானம் வரை உள்ள உயரத்தை எட்டாகப் பிரித்தால், முதுகு ஏழாவது பங்கைத் தொடும். செம்மறியாட்டின் உயரம் சுமார் 70 செ.மீ. என்று கொண்டால், அது பாதிக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும். உட்கார்ந்து பார்ப்பதாக வைத்துக்கொண்டால் கண் மட்டம் 115, 120 செ.மீ.க்கு இறங்கிவிடும். அப்போது எல்லா மாடுகளின் முதுகும் தொடுவானத்துக்கு மேலே வானத்தில் எழும். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ஆல்பர்ட் கைப் தம் மாடுகளை வானத்தின் முன் அவ்வளவு கம்பீரமாக நிறுத்தியது இந்தத் தாழ்ந்த பார்வையால்தான்.

இதை நம் படத்தில் போட்டுப் பாருங்கள். முன்மாட்டின் காலடி தொடுவானத்துக்கு 8 செ.மீ. கீழே என்றால் மாடு 7 செ.மீ. உயரம். நடுத்தூர மாட்டின் காலடி 2 செ.மீ. கீழே என்றால் அது 1.75 செ.மீ. உயரம். 7 செ.மீ. மாட்டுக்குக் கீழ்க்கால் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அகலம். அதில் வெளிச்சப் பக்கம், நிழல் பக்கம், மூட்டு எல்லாம் காட்டியாக வேண்டும். 1.75 செ.மீ. மாட்டுக்குக் கால் ஒரு மில்லிமீட்டர், அதாவது தூரிகையின் ஒரே இழுப்பு. மூன்று முறைகளும் பிரிவது இந்த இடத்தில்தான்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. கணக்கிட்ட அளவில் தடித்த காகிதத்தில் மாடுகளின் நிழலுருவை வெட்டிக் கேன்வாஸின் மேல் நகர்த்திப் பாருங்கள். மேலே ஏற்றினால் சிறிய உருவத்துக்கு மாற வேண்டும், கீழே இறக்கினால் பெரியதுக்கு. ஒரே அளவு உருவத்தை மேலும் கீழும் நகர்த்தி ஒட்டுவதால்தான் பல படங்களில் தொலைவு மாடு யானையாகிவிடுகிறது. இடம் முடிவானதும் உருவத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ளலாம். இந்த அரைமணி நேர வேலை மூன்று முறைக்கும் பொது.

## முதல் வழி: ஒரே அமர்வு

முதல் நாளே கேன்வாஸுக்கு மெல்லிய பர்ன்ட் சியன்னா பூசிக் காயவைத்துவிடுங்கள். பச்சைக்கு நடுவே ஆங்காங்கே எட்டிப்பார்க்கும் அந்தச் செம்பழுப்பு புல்வெளியை உயிர்ப்பிக்கும். அமர்வன்று டர்பன்டைனில் இளக்கிய ரா அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தால் தொடுவானம், மரவரிசை, மாடுகளின் எல்லை எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் போட்டுவிடலாம். பிறகு வரிசை இப்படி: மரங்களின் கருமை, மாடுகளின் நிழல் பக்கம், வானம், தொலைவுப் புல், முன்புல். மாட்டின் வெளிச்சப் பக்கம் கடைசியில்தான். மாடு நிற்கும் இடத்தை வண்ணம் படாமல் ஒதுக்கி வைக்க வேண்டும். புல் வண்ணம் உள்ளே வழிந்துவிட்டால் விரல் நுனியில் துணியைச் சுற்றித் துடைத்து எடுங்கள். மொத்தம் மூன்று, நான்கு மணி நேரம்.

இந்த முறையின் பலம் விளிம்பு. ஈரமான புல்லும் ஈரமான வயிறும் தொடும் இடத்தில் தூரிகையை ஒருமுறை மெல்ல இழுத்தால் இரண்டும் கரைந்து சேரும். வேறெந்த முறையிலும் இது இவ்வளவு சுலபமாக வராது. பலவீனமும் அதே ஈரம்தான். பச்சைக்குள் செம்பழுப்பு நுழைந்தால் கிடைப்பது சேறு. சிவப்பு சார்ந்த நிறமும் பச்சையும் ஒன்றையொன்று மங்கச் செய்யும் என்பது தெரிந்ததே. ஈரத்தில் அது உங்கள் அனுமதி கேட்காமல் நடக்கும். தப்பிக்க ஒழுங்கு ஒன்றுதான்: ஒரு இழுப்பு, ஒரு துடைப்பு. கீழே உள்ள வண்ணம் மெல்லியதாகவும் மேலே வருவது தடிப்பாகவும் இருந்தால்தான் மேல்வண்ணம் ஒட்டி நிற்கும். ஆரம்பத்திலேயே புல்லைக் குழைத்து அப்பியவருக்கு மாடு வைக்க இடமே இருக்காது.

அப்படி அப்பிவிட்டாலும் ஒரு பழைய வைத்தியம் இருக்கிறது. செய்தித்தாளை அந்த இடத்தில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி மெல்ல உரித்தெடுத்தால் மிகை வண்ணம் தாளோடு வந்துவிடும், வரைதல் கீழே மங்கலாகத் தங்கிவிடும். லண்டன் ஸ்லேட் ஓவியப் பள்ளியில் கற்பித்த ஹென்றி டாங்க்ஸ் பெயரால் இதை ‘டாங்கிங்’ என்பார்கள். துணியால் தேய்ப்பதைவிடப் பல மடங்கு மேல்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று வண்ணம்: வெள்ளை டியூப் கண்முன்னே கரையும். இரண்டு, வீணாகும் கேன்வாஸ்கள். முறை கைவருவதற்குள் நான்கைந்து பலகைகளையாவது சுரண்டிப் போடத் தயாராக இருக்க வேண்டும். அன்றைக்கே முடிந்துவிட்டது என்பதும் ஒரு மயக்கம்தான். தடித்த பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே வாரக்கணக்கில் ஆகும், வார்னிஷுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம். ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அதனால் மேல்தோல் இறுகியும் உள்ளே நெடுநாள் பசையாகவே இருக்கும்.

விலங்குகள் 2 செ.மீ.க்கு உட்பட்டவை என்றால் யோசிக்காமல் இந்த முறைக்குப் போங்கள். ஆட்டுமந்தைக்கும் இது நன்றாக ஒத்துவரும், ஏனென்றால் மந்தையை ஆடு ஆடாகத் தீட்டக் கூடாது. ஒளி படும் முதுகுகளின் ஒரே பட்டை, கீழே ஒரே நிழல், ஓரத்தில் மட்டும் மூன்று நான்கு தலைகளும் கால்களும் போதும். இந்த வகைப் படங்களுக்குப் பெயர்போன டச்சு ஓவியர் ஆண்டன் மாவ் மந்தைகளை எத்தனையோ முறை தீட்டியிருக்கிறார். ஆடுகள் நம்மை நோக்கி வரும் படத்துக்கு ஒரு விலை, திரும்பிப் போகும் படத்துக்கு வேறு விலை என்று அமெரிக்க வாங்குவோரிடையே ஏற்பட்டதாம். தீட்டுகிறவர் கணக்கில் வித்தியாசம் முகங்கள்தான். முதன்முறை தீட்டுகிறவர் போகும் ஆடுகளோடு தொடங்குவதே புத்திசாலித்தனம்.

## இரண்டாவது வழி: அடுக்கு முறை

பாரம்பரிய மேய்ச்சல் காட்சி என்றதும் மனத்தில் வரும் ஆழமான, தேன்நிறப் படங்கள் பெரும்பாலும் இந்த வழியில் பிறந்தவை. முதலில் ஒற்றை நிற அடிப்படம்: ரா அம்பரும் வெள்ளையும், குளிர்ச்சி வேண்டிய இடத்தில் துளி அல்ட்ராமரைன் நீலம். இதில் நிறத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். வரைதலையும் வெளிச்ச, நிழல் அளவையும் மட்டும் தீர்க்கிறீர்கள். காய்ந்ததும் முதல் வண்ண அடுக்கு, அது காய்ந்ததும் இரண்டாவது, கடைசியில் கிளேஸ் எனும் ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சும் தடித்த வெளிச்சங்களும்.

இங்கே எண்ணெய் விகிதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கீழடுக்கில் எண்ணெய் குறைவு, மேலே போகப்போக எண்ணெய் அதிகம். அடிப்படத்தில் வண்ணத்தை டர்பன்டைன் அல்லது மணமற்ற மினரல் ஸ்பிரிட்டில் மட்டும் சற்று இளக்குங்கள். அடுத்த அடுக்கில் டியூபிலிருந்து வந்தபடியே. மூன்றாவதில் ஒரு பங்கு ஆளிவிதை எண்ணெய்க்கு இரண்டு பங்கு ஸ்பிரிட் கலந்த கலவை சில துளி. கடைசியில் ஒன்றுக்கு ஒன்று. தலைகீழாகச் செய்தால், எண்ணெய் குறைந்த மேலடுக்கு சீக்கிரம் இறுகிவிடும், கீழடுக்கு இன்னும் அசைந்துகொண்டிருக்கும், மேல்தோல் வெடிக்கும். ஐவரி பிளாக்கை அடிப்படத்தில் தவிர்ப்பதும் இதனால்தான். அது எண்ணெயை நிறையப் பிடித்து வைத்திருக்கும், மெதுவாகக் காயும். ரா அம்பரில் உள்ள மாங்கனீஸ் காய்தலைத் துரிதப்படுத்துவதால் மெல்லிய பூச்சு ஒன்றிரண்டு நாளில் காய்ந்துவிடும். டைட்டானியம் ஒயிட் கலந்த இடங்களுக்கு ஒரு வாரம்வரை கொடுங்கள்.

வெள்ளை வாங்கும்போது டியூபின் பின்புறத்தைப் படியுங்கள். பி.டபிள்யூ. 6 என்றால் டைட்டானியம், பி.டபிள்யூ. 4 என்றால் ஜிங்க். முகப்பில் டைட்டானியம் என்று போட்டிருக்கும் பல டியூப்களில் இரண்டுமே இருக்கும். ஜிங்க் காலப்போக்கில் கண்ணாடிபோல நொறுங்கும் தன்மை பெறுவதோடு, அடுக்குகளைப் பிரிந்து உரியவும் விட்டுவிடும். ஒரே அமர்வுப் படத்தைவிட நான்கடுக்குப் படத்தில் இந்த ஆபத்து பெரிது.

அடுக்கு முறையில் ஒரு மாடு எப்படி உருவாகிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். செம்பழுப்பு மாடு, தலை குனிந்து மேய்கிறது, வெயில் இடது மேலிருந்து. அடிப்படத்தில் அதன் உடலை உருளையாக நினைக்காமல் பெட்டியாக நினைக்க வேண்டும்: மேல்தளம், பக்கத்தளம், அடித்தளம். பின்னங்காலில் பின்பக்கமாக மடங்குவதுபோலத் தெரியும் மூட்டு முழங்கால் அல்ல, குதிங்கால். உண்மையான முழங்கால் மேலே வயிற்றுக்குப் பக்கத்தில் தோலுக்குள் இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு வரைந்தாலே பாதித் தவறுகள் மறையும். வண்ணம் ஏற்றும்போது மேல்தளத்துக்கு உடல் நிறத்தோடு வெள்ளையும் துளி அல்ட்ராமரைனும் சேருங்கள், ஏனென்றால் முதுகு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தளத்துக்கு பர்ன்ட் சியன்னாவும் யெல்லோ ஆக்கரும். வயிற்றின் அடிப்பகுதி நிழல்தான், ஆனால் கரி நிழல் இல்லை. புல்லிலிருந்து தெறிக்கும் வெளிச்சம் அதைச் சூடான ஆலிவ் நிறமாக்கும். வெள்ளை மாடு என்றால் இந்த வித்தியாசங்கள் இன்னும் உரக்கத் தெரியும்: முதுகில் நீலம், வயிற்றில் பச்சை கலந்த மஞ்சள், நிஜ வெள்ளை விலா ஓரத்தில் ஒரு கைப்பிடிக்கும் குறைவு.

அடுத்தது குளம்பு. மேயும் மாட்டின் குளம்பு புல்லில் மறைந்திருக்கும், முகவாயும் மறைந்திருக்கும். அடுக்கு முறையில் காலை முழுதாக, குளம்புவரை தீட்டிக் காயவிட்டு, பிறகு ஈரப் புல்லைக் கீழிருந்து மேலாக இழுத்து அதை மூடலாம். புல் சரியாக வரவில்லையா? துணியால் துடைத்தால் போதும், கால் அப்படியே இருக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம். பெரிய மாட்டுக்கு இந்த முறையைச் சிபாரிசு செய்ய இந்த ஒரு காரணமே போதும். படத்தை நடுவில் வளர்க்கவும் இதில் இடமுண்டு. பவுலஸ் பாட்டர் 1647இல் தீட்டிய ‘காளை’, இன்று தி ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருப்பது, முதலில் காளையை மட்டும் கொண்ட சிறிய கேன்வாஸாகத்தான் தொடங்கியது. பிறகு இரண்டு பக்கமும் மேலேயும் துண்டுகள் சேர்த்து மூன்று மீட்டருக்கும் மேல் அகலமாக்கினார்.

மறைமுகச் செலவு இங்கே பணத்தைவிட இடமும் நாளும். கைவேலை 15, 20 மணி நேரம்தான். காலண்டரில் நாலு முதல் எட்டு வாரம். அதுவரை தூசி படாமல், ஆனால் வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். வாரக்கணக்கில் இடைவெளி விட்டுக் கலக்கும் பச்சை முந்தையதோடு பொருந்தாது, ஆகவே கலவையை ஒரு அட்டையில் தீட்டிப் பக்கத்தில் விகிதத்தை எழுதி வையுங்கள். காய்ந்த இருண்ட பகுதிகள் எண்ணெய் இழந்து சாம்பல் பூத்ததுபோல மங்கும். அப்போது நிறம் மாறிவிட்டது என்று நினைத்து மேலே வண்ணம் அப்பக் கூடாது. மிகச் சிறிதளவு எண்ணெயைத் தேய்த்து, முழுதாகத் துடைத்து எடுத்தால் ஆழம் திரும்பிவிடும். துடைக்காமல் விட்ட எண்ணெய் பிற்பாடு மஞ்சளாகும்.

அடுக்கு முறையின் இன்னொரு வியாதி கிளேஸ் மோகம். புல்வெளி முழுக்கப் பச்சைக் கிளேஸ் போட்டால் சோடா பாட்டிலுக்குள் மாடு நிற்பதுபோல ஆகிவிடும். கிளேஸ் நிழலுக்கு மட்டும். வெயில் படும் புல்லுக்கு மூடுதிறன் உள்ள தடித்த வண்ணம்தான்.

## மூன்றாவது வழி: அக்ரிலிக் அடி, எண்ணெய் மேல்

அடிப்படத்தை அக்ரிலிக்கில் போட்டால் அடுக்கு முறையின் முதல் வாரம் ஒரே மாலையாகச் சுருங்கும். வரைதல், டோன் எனும் வெளிச்ச, நிழல் அளவு, மாடுகளின் பெட்டித்தளங்கள் எல்லாம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். தவறிய காலை அங்கேயே மூடி மறுபடி வரையலாம். ஒரு நாள் முழுதாக விட்டு மறுநாள் எண்ணெய் வண்ணம். எண்ணெய் வண்ணத்தோடு, அதைச் சீக்கிரம் காயவைக்கும் ஆல்கைட் மீடியம் கலந்தால் ஒவ்வொரு மெல்லிய அடுக்கும் ஏறக்குறைய ஒரு நாளில் தொடும் அளவுக்குக் காயும். ஒரு வாரத்தில் படம் முடியும்.

நிபந்தனைகள் சில உண்டு. அக்ரிலிக் மெல்லியதாகவும் பளபளப்பு இல்லாமலும் இருக்க வேண்டும். வழுவழுப்பான பூச்சில் எண்ணெய் பிடித்து நிற்காது. அக்ரிலிக் மேல் எண்ணெய் போகலாம், எண்ணெய் மேல் அக்ரிலிக் ஒருபோதும் கூடாது, உரிந்து வந்துவிடும். அக்ரிலிக் எப்போதும் நெகிழ்வாகவே இருக்கும், எண்ணெயோ வயதாக ஆக விறைக்கும். அதனால் இழுத்துக் கட்டிய துணியைவிட விறைப்பான பலகை இந்த முறைக்குப் பாதுகாப்பு. அக்ரிலிக் காயும்போது ஒரு படி கருக்கும் என்பதால், ஈரத்தில் பார்க்கும் டோனைவிடச் சற்று வெளிச்சமாகவே போடுங்கள்.

ஆனால் அக்ரிலிக் அடிப்படத்தின் மாடுகள் கத்தரித்து ஒட்டிய மாடுகளாகவே பிறக்கின்றன. வண்ணம் சீக்கிரம் காய்வதால் எல்லா விளிம்பும் கத்திபோலக் கூர்மை. எண்ணெயில் அந்தக் கோட்டுக்குள்ளேயே கவனமாக வண்ணம் நிரப்பினால் குழந்தைகளின் வண்ணப் புத்தகம்தான் மிஞ்சும். வெளிச்சம் படும் முதுகை மட்டும் கூர்மையாக விட்டு, வயிறு, கால்கள் புல்லில் இறங்கும் இடம், முகவாய், நிழலில் இருக்கும் பின்புறம் ஆகிய நான்கையும் வேண்டுமென்றே உடையுங்கள்: புல்லையும் உடலையும் ஒரே அமர்வில் ஈரமாக வைத்து ஒன்றுக்குள் ஒன்று இழுப்பதுதான் வழி. ஆல்கைட் கலந்திருந்தால் இதை முதல் அரைமணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும். வண்ணம் ஒட்டத் தொடங்கிய பிறகு கிண்டினால் பூச்சு கிழிந்து சொரசொரப்பாகும்.

இரண்டு வகை வண்ணம், இரண்டு வகைத் தூரிகை, ஒரு மீடியம் என்று தொடக்கச் செலவு இதில்தான் அதிகம். அக்ரிலிக் தூரிகை ஒன்று பத்து நிமிடம் காய்ந்து கிடந்தால் போயிற்று. ஆல்கைட்டிலும் கரைப்பான் இருக்கிறது, ஆகவே ஜன்னலைத் திறந்து வைக்காமல் முடியாது.

## பச்சை என்ற பொது எதிரி

எந்த வழியில் போனாலும் டியூப் பச்சையை நேரே புல்லில் வைக்காதீர்கள். அல்ட்ராமரைனும் கேட்மியம் யெல்லோவும் கலந்த பச்சையில் துளி பர்ன்ட் சியன்னா சேர்த்தால் அது தணியும். யெல்லோ ஆக்கரும் ஐவரி பிளாக்கும் சேர்ந்தால் மரநிழலுக்கு ஏற்ற ஆலிவ் கிடைக்கும். தூரம் போகப்போகப் புல்லில் மஞ்சள் குறைந்து நீலமும் வெள்ளையும் கூட வேண்டும். தொலைவு மாடுகளின் கருமையும் அதே அளவு வெளிற வேண்டும். தொலைவில் கறுப்பு மாடு கறுப்பாகவே நின்றால், எவ்வளவு சிறியதாக இருந்தாலும் முன்னால் குதித்து வந்துவிடும். ஒரே அமர்வில் பச்சை தானாகவே மங்கும், அடுக்கு முறையில் தானாகவே அடர்ந்துவிடும், அக்ரிலிக் வழியில் நீங்கள் விட்டபடியே நிற்கும். இந்த ஒரு விஷயத்தில் மூன்றாவது வழிக்குத்தான் முதல் இடம்.

## பக்கத்தில் பக்கமாக

| | ஒரே அமர்வு | அடுக்கு முறை | அக்ரிலிக் அடி |
|---|---|---|---|
| மாட்டின் உயரம் | 2 செ.மீ.க்குள் | 5 செ.மீ.க்கு மேல் | 2 முதல் 5 செ.மீ. |
| வரைதலைத் திருத்த | ஈரம் உள்ளவரை, சுரண்டி | ஒவ்வொரு அடுக்கிலும் | அடிப்படத்தில் எளிது, பிறகு சிரமம் |
| விளிம்பு | தானாகக் கரையும் | வேலை செய்து கரைக்கலாம் | வேண்டுமென்றே உடைக்க வேண்டும் |
| பச்சை | சேறாகும் ஆபத்து | பாட்டில் பச்சையாகும் ஆபத்து | கட்டுக்குள் |
| தீட்டும் நேரம் | 3–4 மணி | 15–20 மணி | 8–10 மணி |
| முடியும் காலம் | ஒரு நாள் | 4–8 வாரம் | சுமார் ஒரு வாரம் |
| மறைந்த செலவு | வெள்ளை வண்ணம், வீணாகும் பலகை | இடம், காத்திருப்பு | இரட்டைச் சாமான்கள் |
| நெடுநாள் ஆபத்து | தடித்த இடத்தில் சுருக்கம் | விகிதம் தவறினால் வெடிப்பு | பளபளப்பான அடியில் உரிதல் |

அட்டவணையில் சேராத ஒரு செலவு மூன்றுக்கும் பொது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போட்டால் அது இறுகும்போது வெளிவரும் சூட்டில் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகரப் பெட்டியில் போடுங்கள்.

## நம் படத்துக்கு?

முன்மாடு 7 செ.மீ., மற்றவை 2 செ.மீ.க்குள். கணக்குப்படி முன்மாட்டுக்கு அடுக்கு முறை, மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே அமர்வு. இதில் முரண்பாடு எதுவும் இல்லை, இரண்டையும் ஒரே கேன்வாஸில் செய்யலாம். வானம், மரவரிசை, தொலைவு மாடுகள், புல் எல்லாவற்றையும் ஒரே அமர்வில் மெல்லியதாக முடித்து, முன்மாட்டின் இடத்தை மட்டும் ரா அம்பர் அடிப்படமாக விடுங்கள். காய்ந்த பிறகு அந்த ஒரு மாட்டையும் அதன் காலடிப் புல்லையும் மட்டும் அடுக்கடுக்காக எடுத்துச் செல்லலாம். கைக்கு மூன்று மாதம்கூட எண்ணெய் வண்ணப் பழக்கம் இல்லையென்றால், முன்மாட்டையே இந்தப் படத்திலிருந்து எடுத்துவிடச் சொல்வோம். காலடியைத் தொடுவானத்துக்கு நெருக்கமாக நகர்த்தினால் மாடு சிறுக்கும், பிரச்சினையும் சிறுக்கும்.

## நடுவழியில் மாற்றலாமா?

ஒரே அமர்வில் தொடங்கிப் புல்லும் வானமும் நன்றாக வந்து மாடு மட்டும் சொதப்பினால், அதே நாளில் போராட வேண்டாம். பேலட் கத்தியால் மாட்டை மட்டும் கேன்வாஸ் தெரியும்வரை சுரண்டி, துணியில் துளி ஸ்பிரிட் தொட்டுச் சுத்தமாக்கிவிட்டு, சுற்றிலும் உள்ள புல்லின் தடித்த விளிம்புகளைத் தூரிகையால் தட்டிச் சமப்படுத்துங்கள். ஒன்றிரண்டு வாரம் காயட்டும். பிறகு அந்த வெற்றிடத்தில் அடுக்கு முறையில் மாட்டைக் கட்டலாம், மேலே வரும் புல்லில் சற்றே எண்ணெய் கூட்டிக்கொண்டால் போதும்.

சுரண்டாமல் மாட்டின் மேலேயே புல்லைப் பூசி மறைப்பதுதான் சோம்பேறித்தனமான வழி, அது இரண்டு விதமாகப் பழிவாங்கும். தடித்த மாட்டின் வரம்பு பக்கவாட்டு வெளிச்சத்தில் புல்லுக்கு அடியில் புடைத்துத் தெரியும். எண்ணெய்ப் பூச்சு ஆண்டுகள் போகப்போகச் சற்று ஒளி ஊடுருவத் தொடங்குவதால், மறைத்த மாடு ஒருநாள் மங்கலாக மேலே எழுந்தும் வரும். பழைய ஓவியங்களில் ஐந்தாவது காலோடு நிற்கும் விலங்குகளில் சில இப்படி வந்தவைதான்.

எண்ணெயில் தொடங்கிவிட்டு அவசரத்துக்கு அக்ரிலிக்குக்குத் தாவ மட்டும் வழியே கிடையாது. அந்த நிலையில் உதவுவது ஆல்கைட் மீடியம்தான், அதுவும் கீழடுக்கு தொட்டால் ஒட்டாமல் இருக்கும்போது, மெல்லிய பூச்சாக. கட்டைவிரலைக் கேன்வாஸின் நிழலான மூலையில் அழுத்தி லேசாகத் திருப்பிப் பாருங்கள். தோல் நகர்ந்தால் இன்னும் ஒரு வாரம் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுங்கள்.